கன்றுகளைப் பேணிய ரிட்லி

பேராக் மாநிலத்தின் கோலகங்சார் நகரில் மாவட்ட அலுவலகத்திற்கு அருகே முதிர்ந்த இரப்பர் மரம் ஒன்று வேலியிட்டுப் பாதுகாக்கப்பட்டு வருகிறது. இந்நாட்டில் தொடக்க காலத்தில் நடப்பட்ட இரப்பர் மரங்களுள் அதுவும் ஒன்று. அதன் உடன்பிறப்புகளாக வந்த கன்றுகளில் பல இளமையிலேயே பட்டுப்போயின. பிழைத்த சில கன்றுகளின் வழிவந்த மரங்களே பிற்காலத்தில் மலாயாவின் பொருளாதாரத்தைத் தாங்கின.

இரப்பர் விதைகளைக் கடல் கடந்து கொண்டுவந்தவர் ஒருவர். முளைக்க வைத்தவர்கள் வேறு சிலர். இங்கு முதலில் நட்டவர்கள் இன்னும் சிலர். ஆயினும், வளர்ந்து நின்ற அம்மரங்களின் மதிப்பை உணர்ந்து, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவற்றைப் பேணிப் பெருக்கியவர் ஹென்றி நிக்கோலஸ் ரிட்லி. இரப்பர் என்றவுடன் அவர் பெயர் நினைவுக்கு வருவதற்கு அந்தப் பராமரிப்பே காரணம்.

கடல் கடந்து வந்த கன்றுகள்

இரப்பர் மரத்தின் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் காடு. 1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் அங்கிருந்து சுமார் 70,000 விதைகளைத் திரட்டி, இலண்டனில் உள்ள கியூ தாவரவியல் தோட்டத்திற்குக் கொண்டு சேர்த்தார். இரப்பர் விதையில் எண்ணெய்ச் சத்து மிகுதி. மரத்திலிருந்து விழுந்த சில வாரங்களுக்குள் அது முளைக்கும் ஆற்றலை இழந்துவிடும். நீண்ட கப்பல் பயணத்தைத் தாங்கி முளைத்தவை ஏறக்குறைய 2,700 விதைகள் மட்டுமே.

முளைத்த கன்றுகளுள் பெரும்பாலானவை இலங்கைக்கு அனுப்பப்பட்டன. அதே ஆண்டில் சிங்கப்பூருக்கு முதலில் அனுப்பப்பட்டவை பிழைக்கவில்லை. மறு ஆண்டு, அதாவது 1877-இல், 22 கன்றுகள் உயிருடன் வந்து சேர்ந்தன. அவற்றுள் ஒரு பகுதி சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் நடப்பட்டது. ஒன்பது கன்றுகள் கோலகங்சாருக்குச் சென்றன. அங்குப் பேராக்கின் ஆங்கிலேய ஆலோசகராக இருந்த ஹியூ லோ, தம் இல்லத் தோட்டத்தில் அவற்றை நடச் செய்தார்.

விதைகளில் பெரும்பகுதி முளைக்கவே இல்லை. முளைத்தவற்றிலும் பல வழியில் மடிந்தன. ஒரு மரம் தன் வாழ்நாளில் சந்திக்கும் ஆபத்துகளில் பெரும்பாலானவை அதன் முதல் சில ஆண்டுகளிலேயே வந்துவிடுகின்றன என்பதை இக்கன்றுகளின் கதை காட்டுகிறது.

பாதிரியாரின் மகன்

ரிட்லி 1855-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் இங்கிலாந்தின் நார்ஃபோக் வட்டாரத்தில் பிறந்தார். அவருடைய தந்தை ஒரு பாதிரியார். சிறு வயது முதலே பூச்சிகள், பறவைகள், செடிகொடிகள் ஆகியவற்றின் மீது ரிட்லிக்கு அளவற்ற ஆர்வம் இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அறிவியல் பயின்ற பின்னர், 1880-இல் இலண்டனில் உள்ள பிரிட்டிஷ் அரும்பொருளகத்தின் தாவரவியல் பிரிவில் பணியில் சேர்ந்தார்.

அங்கு அவர் கையாண்டவை பெரும்பாலும் உலர்த்தித் தாளில் ஒட்டப்பட்ட செடிகள். உயிருள்ள வெப்பமண்டலக் காடுகளைக் காண வேண்டும் என்ற ஆவல் அவரிடம் வளர்ந்து வந்தது. 1888-இல் அந்த வாய்ப்பு கிட்டியது. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகிய மூன்றும் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் தோட்டங்கள், காடுகள் ஆகியவற்றுக்கு இயக்குநராக அவர் நியமிக்கப்பட்டார். அவ்வாண்டின் இறுதியில் சிங்கப்பூர் வந்து இறங்கியபோது அவர் 33 வயதை நெருங்கிக்கொண்டிருந்தார்.

பூமலையில் ஒரு கண்டுபிடிப்பு

சிங்கப்பூர்த் தமிழர்கள் தாவரவியல் பூங்காவைப் பூமலை என்று அழைத்தனர். பூமலையின் பொறுப்பை ஏற்ற ரிட்லி, அங்கிருந்த இரப்பர் மரங்களைத் தேடிச் சென்று பார்த்தார். நடப்பட்டுப் பதினோர் ஆண்டுகள் ஆகியிருந்தன. மரங்கள் வளர்ந்திருந்தன, காய்த்து விதைகளையும் உதிர்த்திருந்தன. ஆனால், அவற்றைச் சுற்றிப் புதர் மண்டிக் கிடந்தது. அவற்றால் என்ன பயன் என்று கேட்பவர்களே மிகுதியாக இருந்தனர்.

ரிட்லி முதலில் செய்தது எளிய வேலைதான். புதர்களை வெட்டி அகற்றச் செய்தார். மரங்களுக்கு வெளிச்சமும் காற்றும் கிடைக்க வழி செய்தார். விதைகளைப் பொறுக்கி நாற்றுமேடையில் ஊன்றச் செய்தார். பிறகு ஒவ்வொரு மரத்தின் வளர்ச்சியையும் கவனித்துக் குறிப்பெடுக்கத் தொடங்கினார்.

அதே 1888-இல் ஜான் டன்லப் என்பவர் காற்றடைத்த இரப்பர் சக்கரத்தை உருவாக்கியிருந்தார். மோட்டார் வண்டிகளின் காலம் பிறக்கவிருந்தது. உலகிற்கு இனி ஏராளமான இரப்பர் தேவைப்படும். அதை அமேசான் காட்டில் தேடி அலைந்து எடுப்பதைக் காட்டிலும் தோட்டமாக வளர்த்து எடுப்பதே நல்லது என்பது ரிட்லியின் உறுதியான எண்ணமாயிற்று.

மரத்தைக் கெடுக்காமல் பாலெடுத்தல்

ரிட்லியின் முன் இருந்த பெரிய கேள்வி, மரத்தைக் கெடுக்காமல் பாலெடுப்பது எப்படி என்பது. அமேசான் காட்டில் சிறு கோடரியால் மரத்தை ஆங்காங்கே கொத்திப் பாலெடுப்பது வழக்கம். அவ்வெட்டுகள் ஆழமாகப் பாய்ந்து மரத்தையே காயப்படுத்தின. நாளடைவில் பட்டை முண்டும் முடிச்சுமாகி, மேலும் பாலெடுக்க முடியாமல் போனது.

இரப்பர்ப் பால் மரத்தின் நடுப்பகுதியில் ஓடுவதில்லை. பட்டையின் உட்பகுதியில் உள்ள நுண்குழாய்களில் இருக்கிறது. பட்டைக்கும் மரத்திற்கும் இடையே மெல்லிய வளர்படலம் ஒன்று உண்டு. புதிய பட்டையை உண்டாக்குவது அந்தப் படலமே. அதைத் தொடாமல் பட்டையை மட்டும் சீவினால், சீவிய இடத்தில் மீண்டும் பட்டை வளர்ந்துவிடும்.

பல ஆண்டுச் சோதனைகளின் வழி, ரிட்லி இதற்கு ஒரு முறையை வகுத்தார். நடுவில் நேராக ஒரு வடிகாலும் அதன் பக்கங்களில் சாய்வான வெட்டுகளுமாக, மீன்முள்ளைப் போன்ற வடிவில் பட்டை சீவப்பட்டது. மறுமுறை புதிய இடத்தில் வெட்டாமல், பழைய வெட்டின் கீழ் விளிம்பிலிருந்தே மெல்லிய சீவல் எடுக்கப்பட்டது. வெயில் ஏறுவதற்கு முன், விடியற்காலையில் சீவினால் பால் நன்றாக ஓடும் என்பதையும் அவர் கண்டறிந்தார். பிற்காலத்தில் வெட்டின் வடிவம் மாறியது. ஆயினும் விளிம்பை மெல்லச் சீவிப் பட்டையை மீண்டும் வளரவிடும் முறை இன்றுவரை தொடர்கிறது.

கன்றாக இருக்கும்போது காப்பாற்றினால் போதாது. வளர்ந்த பின்னும் அதன் தாங்கும் அளவை அறிந்தே பயன்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் இம்முறையின் அடிப்படையாக அமைந்தது.

சட்டைப்பையில் விதைகள்

அக்காலத்தில் மலாயாவின் தோட்ட முதலாளிகளுக்குக் காப்பிப் பயிரின்மீதே நாட்டம் இருந்தது. காப்பி விரைவில் காய்க்கும். இரப்பர் மரமோ பால் தருவதற்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். இத்தனை ஆண்டுகள் பணத்தை மண்ணில் போட்டுவிட்டுக் காத்திருக்க யாரும் விரும்பவில்லை.

ரிட்லி ஊர் ஊராகச் சென்று தோட்டக்காரர்களைச் சந்தித்தார். காப்பி வரிசைகளுக்கு இடையிலாவது சில இரப்பர்க் கன்றுகளை நடுமாறு வேண்டினார். தம் சட்டைப்பையில் எப்போதும் விதைகளை வைத்துக்கொண்டு, சந்திப்பவர் கைகளில் எல்லாம் அவற்றைத் திணித்தார் என்று கூறப்படுகிறது. பலர் அவரைக் கண்டாலே நழுவினர். பித்துப் பிடித்த ரிட்லி என்ற பட்டப்பெயரும் அவருக்கு வந்து சேர்ந்தது. அரசாங்க மேலதிகாரிகளிலும் சிலர் அவருடைய இரப்பர் ஆர்வத்தை வீண் வேலையாகவே கருதினர்.

ரிட்லி தம் வேலையை நிறுத்தவில்லை. விதைகள் விரைவில் கெட்டுவிடுவதால், தொலைவில் உள்ளவர்களுக்கு அவற்றை எப்படி அனுப்புவது என்று ஆராய்ந்தார். சற்றே ஈரமான கரித்தூளில் பொதிந்து அனுப்பினால் விதைகள் கூடுதலான நாள்கள் உயிருடன் இருப்பது தெரியவந்தது.

மெல்ல மெல்லச் சிலர் செவிசாய்த்தனர். மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான் என்ற சீன வணிகர் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கர் நிலத்தில் இரப்பரை நட்டார். மரவள்ளி பயிரிட்டு வந்த அவர், பின்னர் புக்கிட் அசஹானில் இன்னும் பெரிய தோட்டத்தை உருவாக்கினார். சிலாங்கூரிலும் சில தோட்டக்காரர்கள் இரப்பரை நடத் தொடங்கினர். பிரேசில் நாட்டில் காப்பி அளவுக்கு மீறி விளைந்ததால் அதன் விலை வீழ்ந்தது. இங்குள்ள காப்பிச் செடிகளைப் பூச்சிகளும் தாக்கின. காப்பியை நம்பியிருந்தவர்கள் பூமலையை நோக்கி வந்தார்கள். அவர்கள் கேட்டபோது கொடுப்பதற்கு ரிட்லியிடம் விதைகள் ஆயத்தமாக இருந்தன. 1888-இலேயே புதரை அகற்றி மரங்களைக் காப்பாற்றியிருக்காவிட்டால் அன்று அவ்விதைகள் இருந்திருக்குமா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இளங்கன்றின் எதிரிகள்

புதிய தோட்டங்களில் கன்று நடுவது எளிதாக இருந்தது. அதை உயிரோடு வைத்திருப்பதே அரிதாக இருந்தது. இளங்கன்றின் முதல் எதிரி லாலாங் புல். அது நிலத்துக்கு அடியில் கிழங்கு போன்ற தண்டுகளால் பரவுகிறது. மேலே வெட்டினாலும் அடியிலிருந்து துளிர்க்கும். கன்றின் வேருக்குச் சேர வேண்டிய நீரையும் உரத்தையும் அது கவர்ந்துகொள்ளும். வறட்சிக் காலத்தில் எளிதில் தீப்பிடித்து, கன்றையும் கருக்கிவிடும். மான்களும் காட்டுப்பன்றிகளும் முள்ளம்பன்றிகளும் இளந்தண்டைக் கடித்தன, வேரைக் கிளறின.

மண்ணுக்குள்ளும் ஆபத்து இருந்தது. காட்டை வெட்டியபோது விட்டுவிட்ட பழைய அடிமரங்களில் கரையான்கள் குடியிருந்தன. அழுகிய வேர்களில் பூஞ்சைகள் வளர்ந்தன. அவை அருகில் இருந்த இரப்பர் வேர்களுக்கும் தாவின. தாம் நடத்திய வேளாண் ஏட்டில், இத்தகைய நோய்களையும் பூச்சிகளையும் பற்றி ரிட்லி தொடர்ந்து எழுதினார். தோட்டக்காரர்கள் தம் தோட்டங்களில் கண்டவற்றை அவருக்கு எழுதி அனுப்பினர். அந்த ஏடு அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ளும் இடமாக விளங்கியது.

நடும் முறையிலும் கவனம் தேவைப்பட்டது. இரப்பர் மரத்திற்கு ஆணிவேர் உண்டு. குழி ஆழமில்லாமல் இருந்தால் ஆணிவேர் மடங்கிக்கொள்ளும். அப்படி நடப்பட்ட கன்று சில ஆண்டுகள் நன்றாக வளர்வதுபோல் தோன்றினாலும், பின்னர் பலத்த காற்றில் சாய்ந்துவிடும். எனவே, மழைக்காலம் தொடங்கும் நேரம் பார்த்து, போதிய ஆழத்தில் குழி தோண்டி, மேல்மண்ணை இட்டு, வேரை நேராக நிறுத்தி நடுவது முறையாயிற்று.

உழைத்த கைகள்

இவ்வேலைகளைத் தம் கைகளால் செய்தவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். அவர்களுள் பெரும் எண்ணிக்கையினர் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். அவர்கள் இரப்பர் மரத்திற்குப் பால்மரம் என்று பெயரிட்டார்கள். விடியும் முன்பே பெரட்டுக்குச் சென்று வேலைக்குப் பெயர் கொடுத்தார்கள். நிரை நிரையாகக் குழி தோண்டினார்கள். கன்றைச் சுற்றிப் புல் வெட்டினார்கள். மரம் வளர்ந்ததும் உளியைப் பிடித்துப் பட்டை சீவினார்கள். மங்குகளில் பாலைச் சேர்த்தார்கள். வளர்படலத்தைத் தொடாமல் சீவும் நுட்பம் நூலில் இருந்தால் மட்டும் போதாது. அதைச் செய்யும் விரல்களிலும் இருக்க வேண்டும். அந்த நுட்பத்தைத் தாயிடமிருந்து மகளும் தந்தையிடமிருந்து மகனும் கற்றனர்.

அந்த வாழ்க்கை எளிதானதன்று. புதிதாகக் காடழித்த இடங்களில் மலேரியாக் காய்ச்சல் பரவி, தொழிலாளர்கள் பலர் உயிரிழந்தனர். கன்றுகளுக்குக் கிடைத்த கவனிப்பு அவற்றைப் பேணியவர்களுக்குக் கிடைக்கவில்லை. அடர்ந்த காடுகள் பல அழிந்தன என்பதும் உண்மை. இரப்பரின் வரலாற்றைப் படிக்கும்போது இவற்றையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

நூறாண்டு வாழ்வு

ரிட்லியின் பணி இரப்பரோடு நின்றுவிடவில்லை. மலாயாக் காடுகளில் அலைந்து ஆயிரக்கணக்கான தாவரங்களைச் சேகரித்தார். 1893-இல் ஆக்னஸ் ஜோக்கிம் என்ற பெண்மணி தம் வீட்டுத் தோட்டத்தில் பூத்த புதிய ஆர்க்கிட் மலரை அவரிடம் காட்டினார். அதை ஆராய்ந்து உலகிற்கு அறிவித்தவர் ரிட்லியே. வாண்டா மிஸ் ஜோக்கிம் என்னும் அம்மலர், 1981-இல் சிங்கப்பூரின் தேசிய மலராகத் தேர்ந்தெடுக்கப்பட்டது.

1910-இல் இரப்பரின் விலை உச்சத்தைத் தொட்டது. முன்பு கேலி செய்தவர்களும் அப்போது இரப்பர் நட நிலம் தேடினர். அடுத்த சில ஆண்டுகளில் ரிட்லி ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். 1920-ஆம் ஆண்டளவில் உலகின் இரப்பரில் ஏறக்குறைய பாதி மலாயாவிலிருந்து கிடைத்தது. அச்செல்வத்தால் ரிட்லி பெரும் பணக்காரர் ஆகிவிடவில்லை. கியூ தாவரவியல் தோட்டத்திற்கு அருகே குடியிருந்து தம் ஆய்வுகளைத் தொடர்ந்தார். மலாயாத் தீபகற்பத்தின் தாவரங்களைப் பற்றிய ஐந்து தொகுதிகள் 1922 முதல் 1925 வரை வெளிவந்தன. விதைகள் எவ்வாறு உலகெங்கும் பரவுகின்றன என்பதைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1930-இல் வெளிவந்தது. தமது 83-ஆம் வயதில் அவர் திருமணம் செய்துகொண்டார். நூறாவது பிறந்த நாளையும் கண்ட பிறகு, 1956-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள் காலமானார்.

நம் வீட்டுக் கன்று

இன்று பள்ளிகளிலும் வீடுகளிலும் மரம் நடும் நிகழ்ச்சிகள் நடைபெறுகின்றன. நட்ட நாளில் அனைவரும் கூடிப் படம் எடுத்துக்கொள்கிறோம். சில மாதங்கள் கழித்துச் சென்று பார்த்தால் காய்ந்த குச்சி ஒன்று நின்றுகொண்டிருக்கும். அதற்கான காரணம் பெரும்பாலும் எளியது.

தொட்டியிலிருந்து மண்ணுக்கு மாறும் கன்றின் வேர்கள் பழைய மண்கட்டியின் அளவிற்கே இருக்கும். சுற்றியுள்ள மண்ணில் அவை பரவுவதற்குப் பல மாதங்கள் ஆகும். அதுவரை மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் வேர்ப்பகுதி ஈரமாக உள்ளதா என்று விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். நாள்தோறும் மேலாகத் தெளிப்பதைவிட, மண் காயும்போது ஆழமாக நனையும்படி ஊற்றுவது நல்லது. வேரை ஆழத்திற்கு இழுப்பது அந்த ஈரமே. அதே வேளையில், நீர் தேங்கி நின்றாலும் வேர் மூச்சுவிட முடியாமல் அழுகிவிடும்.

குழி வேர்க்கட்டியைவிட இரண்டு மடங்காவது அகலமாக இருக்கட்டும். சுருண்டு கிடக்கும் வேர்களை மெல்லப் பிரித்துவிட வேண்டும். தண்டும் வேரும் சேரும் இடம் மண்ணுக்குள் புதையக்கூடாது. கன்றைச் சுற்றிப் புல்லை அகற்றிக் காய்ந்த இலைகளைப் பரப்பினால் ஈரம் காக்கப்படும். ஆனால், இலைகள் தண்டைத் தொடாதபடி சற்று இடைவெளி விட வேண்டும். முட்டுக்கொம்பு தேவையானால் தளர்வாகக் கட்ட வேண்டும். தண்டு தடித்து, கன்று தானே நிற்கத் தொடங்கியதும் அக்கட்டை அவிழ்த்துவிட வேண்டும். மரம் சிறிது அசைந்தால்தான் அதன் தண்டும் வேரும் வலுப்பெறும்.

இவற்றுள் எதற்கும் பெரும் செலவு தேவையில்லை. வாரத்தில் சில நிமிடங்கள் கன்றின் அருகே நின்று அதைக் கவனித்தால் போதும். பதினோர் ஆண்டுகளாக யாரும் பொருட்படுத்தாத சில மரங்களின் அருகே ரிட்லி அப்படித்தான் நின்று பார்த்தார். அடுத்த முறை நீங்கள் ஒரு கன்றை நடும்போது, நட்ட நாளை மட்டுமன்றி, அடுத்த ஆண்டு அதே நாளில் அதற்கு யார் தண்ணீர் ஊற்றுவார் என்பதையும் சேர்த்து முடிவு செய்துகொள்ளுங்கள்.